நகரா விசை

என் பெரியம்மா வீட்டில் ஒரு தமிழ்த் தட்டச்சு இயந்திரம் இருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் அதன் உறையைக் கழற்றி, பழைய பல் துலக்கும் தூரிகையால் எழுத்துக் கம்பிகளைத் துடைத்து, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு மறுபடி மூடி வைப்பார். தூத்துக்குடி உப்புக் காத்துக்கு இரும்பு தாங்காது. அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்திலும் இதைத்தான் செய்தாராம், தன் கைக்காசில் எண்ணெய் வாங்கி. தையல் மெஷின் எண்ணெய் தட்டச்சு இயந்திரத்துக்குப் பொருந்துவதில் ஒரு சரித்திரப் பொருத்தமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ் எழுத்து இயந்திரத்துக்குள் போன கதையைச் சொல்ல எங்கள் கடற்கரையை விட்டால் வேறு இடமில்லை. போர்த்துகீசிய சேசு சபைத் துறவி அன்றிக் அன்றீக்கஸ் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்ந்து தமிழ் கற்றவர். அவர் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். தமிழில், ஏன், இந்திய மொழிகளிலேயே, அந்த மொழியின் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. 1586இல் வந்த ‘அடியார் வரலாறு’ புன்னைக்காயலில் அச்சானது என்பார்கள். அச்சுக்கூடத்துக்குப் பணம் தந்தவர்கள் பரதவர்கள். முத்து விற்ற காசு எழுத்தானது என்று மேடைகளில் நானும் பெருமையாகப் பேசியிருக்கிறேன். அந்த நூல்களை அந்தக் கடற்கரைப் பெண்களில் எத்தனை பேர் எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார்கள் என்ற கேள்வி ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது.

முத்துக் குளிப்புக்கும் ஓர் அலுவலகம் இருந்தது, அதற்கென்று கருவிகளும் இருந்தன. கரைக்கு வந்த முத்தைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகள் பத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் இத்தனை துளை என்று கணக்கு: இருபது துளைச் சல்லடையில் தங்குவது பெரிய முத்து, ஆயிரம் துளைச் சல்லடை வரை இறங்குவது பொடி. அதன் பிறகு நிறமும் உருண்டையும் பார்த்து, எடை போட்டு, விலை கட்டுவது. எண்ணிக்கையும் வடிவும் ஒன்றையொன்று சரிபார்க்கும் அந்த ஏற்பாடு இன்றைக்கும் வியக்க வைக்கிறது. முக்குளிப்பவரின் கயிற்றை அவருடைய மைத்துனர் பிடிப்பதுதான் வழக்கம் என்று இப்போதும் சொல்வார்கள். தங்கை விதவையாவதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான் என்பது காரணம். கவனித்துப் பாருங்கள், அந்தக் கயிற்றின் உறுதியே ஒரு பெண்ணின் தாலிதான். அவள் படகில் இல்லை, கணக்கிலும் இல்லை. 1961க்குப் பிறகு மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் முத்துக் குளிப்பு நடக்கவில்லை.

அப்புறம் எங்கள் ஊருக்கு வந்த பெரிய மாற்றம் துறைமுகம். 1974 ஜூலை 11இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் முகவர் அலுவலகங்கள் பெருகின. உப்பு, நிலாவாரை இலை, பருத்தி நூல் எது ஏறினாலும் அதற்கு முன்னால் காகிதம் ஏற வேண்டும். காகிதம் அடிக்க ஆள் வேண்டும். 1975இல் இருபத்திரண்டு வயதில் பெரியம்மா அப்படி ஓர் அலுவலகத்தில் சேர்ந்தார். ஆங்கிலம் ஹையர், தமிழ் ஹையர் இரண்டும் முடித்திருந்தார்.

‘லோயர்’, ‘ஹையர்’ என்ற இரண்டு சொற்களும் இல்லாமல் தமிழ்நாட்டுப் பெண் கல்வியின் வரலாற்றை எழுத முடியாது என்பது என் எண்ணம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வு அது. ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு தமிழ்த் தட்டச்சுக்கும் அரசு அலுவலகங்களில் தேவை வந்தது. தெருவுக்கு ஒரு டைப் இன்ஸ்டிட்யூட் முளைத்தது. ஒரு மணி நேர வகுப்பு, நடந்து போகும் தூரம், மாஸ்டர் தெரிந்தவர். ‘சும்மா இருக்கிற நேரத்துக்கு டைப் படிக்கட்டும்’ என்று அப்பாமார் அனுப்பினார்கள். பள்ளி முடிந்ததற்கும் மாப்பிள்ளை வருவதற்கும் நடுவே ஒரு காத்திருப்பு அறையாகத்தான் அவர்கள் அதை நினைத்தார்கள். அந்த அறைக்குப் பின்பக்கமும் ஒரு கதவு இருந்ததைப் பெண்கள் கண்டுபிடித்தார்கள். அரசுத் தேர்வாணையத்தின் தட்டச்சர் பணி வரை அந்தக் கதவு திறந்தது.

தையல் எண்ணெய்க்கு வருகிறேன். அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் 1870களில் தட்டச்சு இயந்திரத்தைத் தயாரித்து விற்கத் தொடங்கியபோது அவர்கள் ஏற்கெனவே தையல் இயந்திரம் செய்துகொண்டிருந்தவர்கள். முதல் மாதிரியின் மேல் பூ வரைந்திருந்தார்கள். தையல் மெஷின் மேசை போலவே ஒரு மேசை, வரி திருப்ப ஒரு கால் மிதி. இயந்திரம் கடையில் இறங்குமுன்பே அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது முடிவாகிவிட்டது. ஆங்கிலத்தில் அந்த இயந்திரத்தைக் குறிக்கும் சொல்லே அதில் வேலை செய்யும் பெண்ணையும் குறித்தது. குமாஸ்தா வேலை ஆண்களிடம் இருந்தபோது அது மேலாளர் நாற்காலிக்கு ஏறும் படி. தட்டச்சராகப் பெண் வந்ததும் அந்தப் படி அங்கேயே நின்றுவிட்டது.

தமிழுக்கு இந்த இயந்திரத்தைப் பொருத்தியவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குழியில் 1886இல் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் பிழைக்கப் போன இரா. முத்தையா. அவர் முன்னால் இருந்த சிக்கலை நினைத்துப் பாருங்கள். நம் எழுத்து 247. இயந்திரத்திலோ விசைக்கு இரண்டு குறி வைத்தாலும் நூறுக்குள்தான் அடங்கும். கால், கொம்பு போன்றவற்றைத் தனியாகப் பிரித்துவிடலாம். உகரமும் ஊகாரமும் எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் அவற்றில் பலவற்றுக்குத் தனி இடம் கொடுத்தாக வேண்டும். மெய்யின் தலைக்கு மேல் விழ வேண்டிய புள்ளியை என்ன செய்வது? அதற்கு அவர் கண்ட வழி ‘நகரா விசை’. அதை அடித்தால் காகிதத்தில் புள்ளி விழும், வண்டி மட்டும் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழேயே வந்து உட்காரும். ஆக, தட்டச்சில் புள்ளி முதலில், எழுத்து பிறகு. பேச்சில் ‘கொ’ என்பது ககரத்தில் தொடங்குகிறது, தட்டச்சிலோ கொம்பில் தொடங்கும். வாயும் கையும் இரண்டு இலக்கணம் பேசின. தமிழ்த் தட்டச்சு படித்தவர்கள் எல்லாருக்கும் முதல் பாடம் ‘யளனகபக ட்மதாத’. பொருளே இல்லாத அந்த இரண்டு சொற்களைப் பெரியம்மா தலைமுறைப் பெண்கள் தேவாரம் போல மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

அலுவலகக் கருவிகளைப் பற்றிப் பெரியம்மாவுக்குத் திட்டவட்டமான கருத்துகள் உண்டு. சென்னையில் செய்த ஹால்டாவின் விசை விரலுக்கு இதம். 1955இல் இந்தியாவிலேயே தயாரிக்கத் தொடங்கிய கோத்ரெஜ் தூக்கக் கனம், ஆனால் ஆயுசுக்கு உழைக்கும். ரிப்பன் கறுப்பும் சிவப்புமாக இருப்பதை வாங்காதே, சிவப்பு பாதி வீணாகும். மேசை உயரம் முழங்கைக்குக் கீழே இருக்க வேண்டும். அவருடைய மேசை முப்பத்தாறு வருடமும் இரண்டு அங்குலம் கூடுதலாகவே இருந்தது. பழைய பேரேடுகளை நாற்காலியில் அடுக்கி அதன் மேல் உட்கார்ந்து அடித்தார். இப்போது கழுத்தெலும்புத் தேய்வு.

கப்பல் சரக்குச் சீட்டு, அதாவது பில் ஆஃப் லேடிங், மூன்று அசல் அடிக்க வேண்டும். அசலைக் காட்டினவருக்குத்தான் சரக்கு கிடைக்கும், ஆகவே மூன்றிலும் ஓர் எழுத்துப் பிழை இருக்கக் கூடாது. அதற்கு மேல் நகல்கள். அடியில் இருக்கும் கார்பன் வரை எழுத்து இறங்க வேண்டுமானால் விரலால் அல்ல, தோளிலிருந்து அடிக்க வேண்டும். சுற்றறிக்கை என்றால் ரிப்பனைக் கழற்றிவிட்டு ஸ்டென்சில் வெட்ட வேண்டும். கப்பல் கிளம்பும் நாளில் இரவு எட்டு, ஒன்பது ஆகும். பெண்களுக்கென்று கழிப்பறை அந்தக் கட்டடத்தில் பல வருடம் இல்லை. ‘தண்ணி குடிக்காம இருந்து பழகிட்டோம்ட்டி’ என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார். துறைமுக வரலாறுகளில் டன் கணக்கு இருக்கிறது, இது இல்லை.

பிழை திருத்தும் வெள்ளை மையை எல்லா அலுவலகமும் உபயோகித்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு தட்டச்சர் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரியும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில வங்கி ஒன்றில் செயலராக இருந்த பெட்டி நெஸ்மித் கிரகாம், தனியாகப் பிள்ளை வளர்த்தவர். 1950களில் சமையலறையில் வெள்ளைச் சாயம் கலந்து, சின்னக் குப்பியில் ஊற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். 1979இல் அந்த நிறுவனத்தை 4.75 கோடி டாலருக்கு விற்றார். இந்தக் கதையைச் சொன்னபோது பெரியம்மா கேட்ட ஒரே கேள்வி: ‘அவளுக்கு யாரு கடன் குடுத்தா?’

1990களில் கணினி வந்தது. முதலில் அதற்கு அறை கட்டினார்கள். குளிர்சாதனம் போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதுவரை மே மாத வெயிலில் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இயந்திரத்தின் மேலிருந்த அக்கறை புதிதாக இருந்தது. கணினிப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்கள் இரண்டு பையன்கள். சரக்குச் சீட்டில் எந்தக் கட்டத்தில் என்ன வரும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெரியம்மா. ஒருவர் பின்னால் மேலாளரானார். 2011இல் ஓய்வு பெற்றபோது பெரியம்மாவின் பணிச்சான்றில் இருந்தது 1975இல் இருந்த அதே சொல்: தட்டச்சர். வேலை சுத்தமாக இருந்ததுதான் காரணம் என்றார்கள். அவரை எடுத்துவிட்டால் அந்த நாற்காலிக்கு ஆள் இல்லையாம்.

இதே ஆண்டுகளில் விசைப்பலகையும் மாறியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். மெய் அடித்து உயிர் அடித்தால் உயிர்மெய். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். வாயின் இலக்கணத்துக்குக் கை திரும்பிவிட்டது. தமிழ் இலக்கணம் நடத்துகிறவள் என்ற முறையில் இதை நான் மனமார ஆதரிக்கிறேன். என் வகுப்பில் மாணவிகளுக்கு இதைத்தான் கற்பிக்கிறேன். கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தமிழை ஒலித்து அடிப்பது அவசரத்துக்குச் சரி, அதையே நம்பி ஓர் ஆய்வேடு அடிக்க உட்காராதீர்கள்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பழைய விசைப்பலகை விரலில் ஏறிய பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களுக்கு ‘மாறிக்கொள்’ என்று மட்டும்தான் சொல்லப்பட்டது. மாறுவதற்கான மாதங்களின் சம்பளத்தை யார் தருவது என்று யாரும் பேசியதாகத் தெரியவில்லை. வேலைக்கான தேர்வோ பழைய இயந்திரத்திலேயே தொடர்ந்தது. கோத்ரெஜ் 2009இல் உற்பத்தியை நிறுத்திய பிறகும், இன்ஸ்டிட்யூட்டில் ஒட்டுப்போட்ட இயந்திரத்தில் பயின்று, தேர்வெழுதி, பிறகு அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்தார்கள். ஒரு வேலைக்கு இரண்டு கை பழக வேண்டியிருந்தது.

நானும் இதில் பாதிக்கப்பட்டவள், பாதிப்புக்குக் காரணமானவளும்கூட. 2005 வாக்கில் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை அடித்துத் தந்தது பல்கலைக்கழகத்துக்கு எதிரே டி.டி.பி. கடை வைத்திருந்த ஓர் அக்கா. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. நான் எழுதிய பிழைகளையும் அவர்தான் திருத்தினார். அப்போது ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான். இன்று அந்தக் கோப்பைத் திறந்தால் ‘அம்மா’ என்ற சொல் நான்கு ரோமன் குப்பையாகத் தெரிகிறது. நன்றியுரையில் நெறியாளர், நூலகர், கணவர் எல்லார் பெயரும் இருக்கிறது. தட்டச்சு செய்த அக்காவுக்கு ஒரு வரி, அதுவும் பெயரில்லாமல்: ‘அழகுற ஒளியச்சு செய்தவர்களுக்கும்.’ பெயர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

போன பொங்கலுக்குப் பெரியம்மாவிடம் என் மடிக்கணினியைக் கொடுத்தேன். பழைய தட்டச்சு விசைப்பலகையைத் தரும் மென்பொருளை ஏற்றி வைத்திருந்தேன். தமிழ்99தான் சரி என்று வகுப்பில் பேசுகிறவள் வீட்டில் செய்த சமரசம். அவர் முதலில் நாற்காலியைப் பார்த்தார், ஒரு தலையணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து விரலையும் வரிசையில் வைத்தார். பதினான்கு வருடம் கழித்து, திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அடித்தார். யளனகபக ட்மதாத. யளனகபக ட்மதாத. ‘ஏட்டி, சத்தமே வரலையே’ என்றார். பிறகு திரையைப் பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ‘எங்க மேசைக்கு ரெண்டு அங்குலம் குறைக்கச் சொல்லி ஒரு லெட்டர் குடுக்கணும்னு அப்ப நெனச்சேன். அடிக்க நேரம் இல்ல. இப்ப அடிக்கட்டா?’ என்றார்.

தேதி போட்டார். 14.1.1976.