முன்சீப் கோர்ட்டிலிருந்து முப்பத்தோரு ஆண்டுகள்

2001 மே 14 மாலை ஜெயலலிதாவுக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார் ஆளுநர் பாத்திமா பீவி. டான்சி வழக்கில் மூன்றாண்டு தண்டனை பெற்று, வேட்புமனுக்கள் தள்ளுபடியாகி, தேர்தலில் நிற்கவே முடியாமல் போனவரை எப்படி முதல்வராக்கலாம் என்று ஊரே கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டில் பேச்சு அதோடு நிற்கவில்லை. “பொம்பளைய ஜட்ஜாக்கி, கவர்னராவும் ஆக்கினா இப்படித்தான்” என்றார் சித்தப்பா. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா யார் என்பதே எனக்குத் தெரியாதே!

பிறகுதான் தேடிப் படித்தேன். 1927இல் திருவிதாங்கூரின் பத்தனம்திட்டாவில் பிறந்தவர். பி.எஸ்சி. முடித்து வேதியியலில் மேலே படிக்க நினைத்த மகளைச் சட்டம் படிக்கச் சொன்னவர் அப்பா மீரா சாகிப். அதற்குக் காரணம் அன்னா சாண்டி. 1937இல் அதே திருவிதாங்கூரில் முன்சீப் ஆகி, 1959இல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போன பெண். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை ஓர் அப்பா பார்த்ததால் இன்னொரு பெண் சட்டக் கல்லூரிக்குப் போனாள். 1950இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடமும் பெற்றாள்.

‘உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த வரி மறைத்துவிடுவது அவர் ஏறிய படிகளை. 1958இல் முன்சீப். சப் ஜட்ஜ் ஆவதற்குப் பத்து ஆண்டுகள். 1972இல் தலைமைக் குற்றவியல் நடுவர், 1974இல் மாவட்ட நீதிபதி, 1980இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். 1983இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது வயது 56. வக்கீல்களாக இருந்து நேரே உயர் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படும் ஆண்கள் பலர் நாற்பதுகளிலேயே அங்கு போய்விடுகிறார்கள். அந்த அழைப்பு சீனியர்களின் அறைகளில், அவர்கள் பழக்கத்தில் முடிவாகிற விஷயம். பெண்ணுக்குத் திறந்திருந்தது தேர்வெழுதி நுழையும் கீழ்க்கோர்ட் கதவு. அந்த வழியே வந்தால் மேலே போய்ச் சேரும்போது ஓய்வு வயது எதிரே நிற்கும். 2014இல் உச்ச நீதிமன்றம் போன நம் ஆர். பானுமதியும் 1988இல் மாவட்ட நீதிபதியாகத் தொடங்கியவர்தான்.

1989 ஏப்ரலில் பாத்திமா பீவி உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 6 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அந்த நீதிமன்றம் தொடங்கி அப்போது 39 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு மிச்சமிருந்தது இரண்டரை ஆண்டுகள். அதற்குள் எழுதிய தீர்ப்புகளில் என் மனதில் நிற்பது 1991இல் வந்த ஒன்று. கர்நாடகத்தில் குடிசைப் பகுதி என்று அறிவித்த இடத்தில் ஒரு பகுதியை அரசு பிறகு விலக்கியது. அங்கே குடியிருப்பவர்களைக் கேட்காமல் அப்படிச் செய்யக் கூடாது என்றார்.

அதே மனுஷிதான் 1999இல், ஆளுநராக, ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நால்வரின் கருணை மனுக்களை அமைச்சரவையின் ஆலோசனையைக் கேட்காமலே தள்ளினார். சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அமைச்சரவை பரிந்துரைத்த பிறகு நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. முப்பது வருஷம் மேடையில் உட்கார்ந்து முடிவெடுத்த பழக்கமோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. சந்தேகம்தான்.

2001 முடிவைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகம் இல்லை. அது தவறு. பெரும்பான்மைக் கட்சி தேர்ந்தெடுத்த தலைவர் என்று அவர் சொன்ன காரணம், தகுதியிழப்பு என்கிற கேள்விக்குப் பதிலாகாது. ஜூன் 30இல் கருணாநிதி கைதானதை அடுத்து, ஆளுநரைத் திரும்ப அழைக்க மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. அவர் ராஜினாமா செய்துவிட்டுக் கேரளம் திரும்பினார். தவறு செய்த ஆண் ஆளுநர்களின் பட்டியல் நம்மிடம் நீளமாகவே இருக்கிறது. அவர்களை வைத்து யாரும் ஆண்களின் புத்தியை எடைபோட்டு நான் கேட்டதில்லை. அவருடைய தவறை மறைத்தால்தான் அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள முடியும் என்றால், நாமும் சித்தப்பாவின் தராசைத்தான் கையில் வைத்திருக்கிறோம்.

2023 நவம்பர் 23 அன்று கொல்லத்தில் அவர் காலமானபோது வயது 96. அன்று சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். “ஜெயலலிதாவுக்குப் பிரமாணம் பண்ணி வச்சவங்கதானே?” என்றார். 2001 செப்டம்பர் 21இல் அந்தப் பதவியேற்பு செல்லாது என்று சொன்ன ஐந்து நீதிபதிகளில் ரூமா பாலும் ஒருவர் என்றேன். உச்ச நீதிமன்றத்துக்குப் போன மூன்றாவது பெண். “அப்படியா?” என்று கேட்டுவிட்டு, சித்தி பேச வேண்டுமாம் என்று போனைக் கொடுத்துவிட்டார்.