சத்தம், தெளிவு, அதிகாரம்: ராக் மேடையின் செவி வரலாறு

1

சத்தத்தைப் பற்றிய கோட்பாட்டு எழுத்துக்கள் பெரும்பாலும் சத்தம் போடுகிறவர்களைப் பற்றியே பேசுகின்றன. கனடாவைச் சேர்ந்த மர்ரே ஷாஃபர் 1977இல் வந்த தன் நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு சமூகத்தில் தண்டனை பயம் இல்லாமல் மிகப் பெரிய சத்தத்தை யாரால் எழுப்ப முடிகிறதோ, அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் தேவாலய மணி, பிற்பாடு ஆலை. அதே 1977இல் பிரான்சின் ழாக் அத்தாலி, எது இசை எது இரைச்சல் என்று கோடு கிழிப்பதே ஆட்சி செய்வதன் ஒரு பகுதி என்று வாதிட்டார். (இவரே பிற்பாடு அதிபர் மித்தரானுக்கு ஆலோசகராகப் போய் உட்கார்ந்தது தனிக்கதை.)

இரண்டும் நமக்குப் பயன்படக்கூடிய கருத்துக்கள்தாம். ஆனால் இரண்டிலும் ஒரு ஆள் விடுபட்டுப் போகிறான். கச்சேரிக்கு முன்னால் மேடையேறி, 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்லிவிட்டு, கூட்டத்தின் கடைசி மூலைக்கு நடந்து போய்க் காது கொடுத்துப் பார்க்கிறானே, அவன். 'சத்தமா இருக்கு, சரி. ஆனா என்ன கேக்குது?' என்பது அவனுடைய கேள்வி. ராக் இசையின் அறுபது ஆண்டு மேடை வரலாற்றை இந்தக் கேள்வியிலிருந்து வாசித்தால் வேறொரு கதை கிடைக்கிறது. சத்தத்தைக் கூட்டுவதும் தெளிவைப் பங்கிட்டுக் கொடுப்பதும் ஒன்றல்ல. பல நேரங்களில் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதே அந்தக் கதை.

2

1965 ஆகஸ்ட் 15. நியூயார்க்கின் ஷே மைதானம். பீட்டில்ஸ் குழு சுமார் 55,600 பேர் முன்னால் வாசிக்கிறது. கிடாருக்கென்று வாக்ஸ் நிறுவனம் தனியாகச் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயர்கள், ஒவ்வொன்றும் 100 வாட். இன்றைக்கு ஒரு தெருமுனைக் கூட்டத்துக்குக்கூட இது போதாது. குரல்களோ பெரும்பாலும் மைதானத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கிகள் வழியாகத்தான் வெளியே வந்தன. பேஸ்பால் ஆட்டத்தில் யார் மட்டை பிடிக்க வருகிறார் என்று சொல்வதற்காகக் கட்டப்பட்ட ஏற்பாடு அது. நம்ம ஊர் கூம்பு ஸ்பீக்கரில் பேச்சு புரியும், பாட்டின் அடிக்கட்டை காணாமல் போகும். கிட்டத்தட்ட அந்த ரகம்.

வாசிக்கிறவர்கள் தங்கள் வாசிப்பைத் தாங்களே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர்களும் மேடையில் இல்லை. கூட்டம் போட்ட கூச்சலில் யாருக்கும் யாரும் கேட்கவில்லை. மேடையில் இருப்பவர்களைவிடக் கூட்டம் அதிகச் சத்தம் போட்ட கடைசிக் காலம் என்று இதைச் சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் பதின்வயதுப் பெண்கள். பத்திரிகைகள் அதை 'ஹிஸ்டீரியா' என்று எழுதின. ஆண் கூட்டம் கால்பந்து மைதானத்தில் கத்தினால் அது உற்சாகம். பெண்கள் கத்தினால் நோய். ஷாஃபரின் சூத்திரம் இங்கே பொருந்தத்தான் செய்கிறது. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்ட் 29இல் சான்பிரான்சிஸ்கோ கச்சேரியோடு சுற்றுப்பயணங்களை நிறுத்தியதற்குப் பல காரணங்கள். தங்கள் வாசிப்பு தங்களுக்கே கேட்காமல் போனது அவற்றுள் ஒன்று.

3

இதற்குப் பதிலாகத் தொழில் கண்டுபிடித்தது வாட் போட்டியை. லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் 'த ஹூ' குழுவினர் இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் கேட்டார்கள். 100 வாட் வந்தது. எட்டு ஸ்பீக்கரை ஒரே பெட்டியில் அடைத்துப் பார்த்தார்கள். தூக்குகிறவர்களின் இடுப்பு ஒடிந்தது. அதை நாலு நாலாக இரண்டு பெட்டிகளாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ராக் மேடையின் பின்னணியாக நாம் இன்றும் பார்க்கிற அந்தக் கறுப்புப் பெட்டி அடுக்கு இப்படித்தான் பிறந்தது. அதன் வடிவத்தைத் தீர்மானித்ததில் மூட்டை தூக்கியவர்களின் முதுகுவலிக்கும் பங்கு உண்டு. கலை வரலாறுகள் இதை எழுதுவதில்லை.

வாட்டைக் கூட்டினால் எல்லோருக்கும் கேட்டுவிடுமா? இங்கே கொஞ்சம் கணக்கு தேவை. காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்கு மின்திறன் 10 மடங்காக வேண்டும். ஆனால் திறந்தவெளியில் ஒரு சாதாரண ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறைந்துவிடுகிறது. 5 மீட்டரில் நிற்பவனுக்கும் 80 மீட்டரில் நிற்பவனுக்கும் 24 டெசிபெல் வித்தியாசம். கடைசி வரிசைக்காரனுக்குப் பாட்டு கேட்கணும்னா முதல் வரிசைக்காரனுக்குக் காது கிழியணும். போதாக்குறைக்கு ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். தூரத்தில் இன்னொரு ஸ்பீக்கர் வைத்தால், அதிலிருந்து முதலில் ஒரு பாட்டு, மேடையிலிருந்து பின்னாலேயே அதே பாட்டு என்று இரண்டும் மோதிக் கூழாகிவிடும்.

ஆக இது பலப் பிரச்சினை மட்டுமல்ல, பங்கீட்டுப் பிரச்சினை. இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். 1969இல் வுட்ஸ்டாக்கில் சுமார் நாலு லட்சம் பேருக்கு ஒலி அமைத்த பில் ஹான்லி, உயரமான கோபுரங்களில் ஸ்பீக்கர்களை ஏற்றினார். 1973 ஜூலையில் வாட்கின்ஸ் கிளென் விழாவில் தூரத்து ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒலியை டிஜிட்டல் கருவியால் தாமதப்படுத்தி, மேடையிலிருந்து வரும் ஒலியோடு ஒரே நேரத்தில் போய்ச் சேரும்படி செய்தார்கள். பின்னால் நிற்பவனுக்கும் ஒரு காது உண்டு என்ற ஒப்புதல், தொழில்நுட்பமாக உருவெடுத்த இடம் இது.

4

இந்த ஒப்புதலைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்த்தது கலிஃபோர்னியாவின் 'கிரேட்ஃபுல் டெட்' குழு. 1974 மார்ச் 23இல் சான்பிரான்சிஸ்கோவை ஒட்டிய கவ் பேலஸ் அரங்கில் முழு அளவில் அரங்கேறிய அவர்களது 'ஒலிச் சுவர்' சுமார் 600 ஸ்பீக்கர்களும் 26,400 வாட்டும் 75 டன் எடையும் கொண்டது. மூன்று மாடி உயரம். இதன் மூளை ஔஸ்லி ஸ்டான்லி, 1960களில் எல்.எஸ்.டி. தயாரித்துச் சிறைக்கும் போய்வந்தவர்.

எண்ணிக்கையைப் பார்த்து வாய் பிளப்பது எளிது. முக்கியமானது அதன் அமைப்பு. வழக்கமான மேடையில் எல்லா வாத்தியங்களும் குரல்களும் ஒரே குழம்பாகக் கலந்து இருபுறத்து ஸ்பீக்கர்களில் கொட்டும். ஒன்று இன்னொன்றைச் சிதைக்கும். இங்கே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஸ்பீக்கர் வரிசை. பேஸ் கிடாரின் நாலு தந்திகளுக்கும்கூடத் தனித்தனியாக ஒலி அனுப்ப வழி இருந்தது. ஸ்பீக்கர்களைச் செங்குத்து வரிசையாக அடுக்கியதால் ஒலி மேலேயும் கீழேயும் வீணாகச் சிதறாமல் கூட்டத்தை நோக்கிப் போயிற்று. தூரத்தில் குறைவதும் குறைந்தது.

இன்னொரு விஷயம், அரசியல் வாசகர்கள் கவனிக்க வேண்டியது. சுவர் இசைஞர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றது. கூட்டத்துக்கு எது கேட்டதோ அதுவே அவர்களுக்கும் கேட்டது. தங்களுக்குத் தனி மானிட்டர் இல்லை. கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு யாருடைய ஒலி தூக்கலாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற மிக்சர்காரரும் இல்லை. தன் ஒலியின் அளவை அவரவரே மேடையிலிருந்து கட்டுப்படுத்தினார்கள். ஒருத்தன் ஏத்தினா மத்தவன் காதும் சேர்ந்து வாங்கும். ஆகவே ஒருவருக்கொருவர் கேட்டுத்தான் வாசிக்க வேண்டும். பிரதிநிதி இல்லாத ஒரு நேரடி ஜனநாயகம் என்று கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லலாம்.

முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் இருந்தால் மைக் அதையே திரும்ப வாங்கிக் 'கூ' என்று ஊளையிடுமே? அதற்கும் வழி செய்தார்கள். ஒவ்வொரு பாடகருக்கும் அருகருகே இரண்டு மைக்குகள், ஒன்றுக்கொன்று எதிர்நிலையில் இணைக்கப்பட்டவை. சுவரின் ஒலி இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றில் மட்டும் வாய் வைத்துப் பாடும் குரல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் குரல் மெலிந்துபோயிற்று. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடும் என்பது ஒலிக்காரர்கள் எல்லோரும் அறிந்த உண்மை.

இந்தக் கனவு ஏழு மாதம்தான் ஓடியது. சுவரை ஏற்றவும் இறக்கவும் 20 பேருக்கு மேல் தேவைப்பட்டார்கள். ஒரு ஊரில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊரில் மேடை எழும்ப வேண்டியிருந்ததால் மேடைச் சாரங்கள் இரண்டு செட். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு லாரிச் செலவு எகிறியது. 1974 அக்டோபரில் சுவரைக் கழற்றினார்கள். குழுவும் பயணத்தை நிறுத்தி வைத்தது. கேட்கிறவர்களுக்கான அந்த ஜனநாயகம், தூக்குகிறவர்களின் உழைப்பின்மேல் நின்றது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

செங்குத்து வரிசை மட்டும் பிழைத்தது. 1990களின் தொடக்கத்தில் பிரான்சில் கிறிஸ்டியன் ஹெய்ல் உருவாக்கிய வரிசை ஸ்பீக்கர்கள் வழியாக அது உலகத் தரமாயிற்று. இசைஞர்களோ இன்று காதுக்குள் செருகிய குட்டி ஸ்பீக்கர்களில் தங்களுக்கென்று கலந்து கொடுத்ததைக் கேட்கிறார்கள். கூட்டம் வேறொன்றைக் கேட்கிறது. தெளிவு கூடிவிட்டது, ஒரே ஒலிக்குள் எல்லோரும் நிற்பது போய்விட்டது.

5

ஒலிச் சுவர் இறங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 1976 மே 31இல் லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் 'த ஹூ' வாசித்தது, மேடையிலிருந்து 50 மீட்டரில் 120 டெசிபெல் என்று அளக்கப்பட்டுக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. சத்தம் இப்போது சாதனை, சரக்கு. செவிச் சேதத்தை ஊக்குவிக்கக் கூடாது என்று கின்னஸ் பிற்பாடு அந்தப் பிரிவையே கைவிட்டது.

உட்காதின் நுண்மயிர் அணுக்கள் மனிதர்களுக்கு ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிஷம். இரண்டு மணி நேரக் கச்சேரி என்றால் எட்டு நாள் பங்கை ஒரே ராத்திரியில் தின்று தீர்ப்பது. த ஹூவின் பீட் டவுன்ஷெண்ட் தன் செவிக்கேட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். 1988இல் சான்பிரான்சிஸ்கோவில் ராக் இசைஞர்களின் செவிநலத்துக்கென அமைப்பு தொடங்கியவர்களில் ஒருவர் கேத்தி பெக். தான் வாசித்த ஒரு கச்சேரியிலேயே செவியைக் கெடுத்துக்கொண்ட பெண் இசைஞர்.

6

சரி, அப்படியானால் அரசு தலையிட வேண்டாமா? தலையிட்டது. எப்படி என்று பார்ப்போம்.

1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், அரங்கத்துக்குள் நுழையக் காசில்லாத ஏழைக் கறுப்பர்கள் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவில் நிறுத்தி ஆடினார்கள். 'சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர். அங்கே கிங் டப்பி போன்ற மின்கருவி பழுதுபார்ப்பவர்களே இசைக் கலைஞர்களானார்கள். பேஸ் ஒலியை நெஞ்சால் கேட்க வைத்தது அந்த மரபு. புலம்பெயர்ந்தவர்களோடு அது பிரிட்டன் போயிற்று. பிற்பாடு வயல்வெளிகளில் ராத்திரி முழுக்க நடந்த 'ரேவ்' ஆட்டங்களுக்குள்ளும் புகுந்தது. 1992 மே மாதம் காசில்மார்டன் பொதுவெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஒரு வாரம் ஆடிய பிறகு, 1994இல் பிரிட்டன் ஒரு குற்றவியல் சட்டம் கொண்டுவந்தது. நூறு பேருக்கு மேல் திறந்தவெளியில் இரவில் கூடினால் போலீஸ் கலைக்கலாம். டெசிபெல் எண் எதுவும் அதில் இல்லை. மாறாக, திரும்பத் திரும்ப வரும் தாளத்தை முதன்மையாகக் கொண்ட ஒலிகளும் இசை என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று அது வரையறுத்தது. சட்டம் சத்தத்தை அளக்கவில்லை. யாருடைய தாளம் என்று பார்த்தது. 'ஆட்டெக்கர்' என்ற மின்னிசை இரட்டையர் அதே வருஷம், எந்த இரண்டு தாள அளவும் ஒன்றுபோல் இராத ஒரு துண்டை வெளியிட்டுச் சட்டத்தைக் கிண்டலடித்தார்கள். அத்தாலி சொன்ன கோடு கிழிக்கும் வேலை இதைவிட அப்பட்டமாக நடந்ததில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க ஒரு வழக்கு. லண்டன் ராயல் ஆபரா அரங்கில் 2012இல் வாக்னரின் ஆபரா ஒத்திகையில், பித்தளைக் குழல்களுக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்ட வியோலா கலைஞர் கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடரின் செவி நிரந்தரமாகக் கெட்டது. உச்ச அளவு 130 டெசிபெலுக்கு மேல். மின்சாரமே இல்லாத 'செவ்வியல்' சத்தம்! ஆலையில் இரைச்சல் ஒரு கழிவு, இங்கேயோ அதுதான் சரக்கு என்று நிர்வாகம் வாதாடியது. 2018இல் உயர் நீதிமன்றமும் 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், கலை மதிப்பைக் காட்டித் தொழிலாளர் பாதுகாப்பைத் தள்ளி வைக்க முடியாது என்ற நிலையை எடுத்தன. மேட்டிமை இசை எழுப்புவதும் இரைச்சல்தான் என்று சட்டம் ஒப்புக்கொள்ள, அதை வாசிக்கும் தொழிலாளி ஒருவர் காதை இழக்க வேண்டியிருந்தது.

7

1989 டிசம்பரில் அமெரிக்க ராணுவம் பனாமா மீது படையெடுத்தபோது, வாடிகன் தூதரகத்தில் ஒளிந்திருந்த நோரியேகாவைச் சுற்றி ஸ்பீக்கர் வைத்து நாள் கணக்கில் ராக் இசையை அலறவிட்டது. பின்னாளில் குவான்டனாமோ சிறையில் கைதிகள்மீது இதையே செய்தார்கள். அதே பாட்டுகள். அப்படியானால் கச்சேரிக்கும் சித்திரவதைக்கும் என்ன வேறுபாடு? காசு கொடுத்து உள்ளே போனவனுக்கு வெளியே வரக் கதவு உண்டு. கைதிக்குக் கிடையாது.

ஆகவே 'சத்தம் வேண்டுமா வேண்டாமா' என்ற விவாதம் நம்மை எங்கும் கொண்டுபோகாது. அடிவயிற்றில் அதிரும் ஒலிக்குள் ஆயிரம் பேரோடு சேர்ந்து நிற்பது ஓர் உடல் சார்ந்த விடுதலை. அதை நோய் என்றோ குற்றம் என்றோ சொல்பவர்கள் பக்கம் நாம் போக முடியாது. காது போனாலும் பரவாயில்லை என்று விற்பவர்கள் பக்கமும் போக முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தர நெறிகள் 15 நிமிஷச் சராசரி 100 டெசிபெல் என்ற வரம்போடு நிற்கவில்லை. அளவைத் தொடர்ந்து கண்காணிப்பது, காதடைப்பான்கள் கிடைக்கச் செய்வது, அரங்குக்குள்ளேயே ஓர் அமைதியான இடம், ஒலி எல்லாப் பக்கமும் சீராகச் சேரும்படியான அமைப்பு ஆகியவற்றையும் கேட்கின்றன. இவையெல்லாம் ஒலிப் பங்கீட்டின் கோரிக்கைகள்தாம். எங்கே மேடை போட்டாலும், இயக்கத்தின் மேடையாகவே இருந்தாலும், கேட்க வேண்டியவை இவை: வால்யூம் யார் கையில்? பேசுகிறவனுக்கு, கேட்கிறவனுக்குக் கேட்பது கேட்கிறதா? கடைசி வரிசைக்கு என்ன போய்ச் சேருகிறது? பெட்டி தூக்கியவனுக்கு என்ன கூலி? வேண்டாம் என்பவன் எழுந்து போக வழி இருக்கிறதா?