புறவழி யாருடைய புறம்?

'ரோடு வந்தா ஊரு முன்னேறும்' என்கிறார்கள். எந்த ஊரு? திண்டிவனம், செஞ்சி, வல்லம் பக்கத்துக் கிராமங்களில் ஊர் வேறு, சேரி வேறு. ஊருக்கு இடிபாடு வராமல் புறவழிச்சாலை வெளியே போகிறது. அந்த 'வெளியே' என்பது சாதி ஏற்கனவே ஒதுக்கிவைத்த இடம். குடிசை இந்தப் பக்கம், சுடுகாடு அந்தப் பக்கம் என்றாகிவிடுகிறது.

1956இல் அமெரிக்காவும் இந்தியாவும் ஆளுக்கொரு நெடுஞ்சாலைச் சட்டம் போட்டன. அங்கே நாஷ்வில் நகரில் ஐ-40 சாலையைக் கறுப்பின மக்களின் ஜெஃபர்சன் தெருப் பகுதிக்குள் விட்டார்கள். அம்மக்கள் 1967இல் குழு அமைத்து வழக்குப் போட்டார்கள். பாதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பாதை அறிவார்ந்ததா என்று பார்ப்பது தன் வேலை அல்ல என்றது. சாலை வந்தது. ஒரு சமூகத்தின் வாழ்விடம் என்ற ஒன்று சட்டத்தின் கண்ணில் படவே இல்லை.

இங்கே 2018இல் சென்னை - சேலம் எட்டுவழிச்சாலை. 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள். அளவுக்கல் நட வந்த அதிகாரிகளை மக்கள் மறித்தார்கள், கைதானார்கள். 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர்நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8இல் உச்சநீதிமன்றம், நில எடுப்பு அறிவிக்கைக்கு முன் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றது.

இந்தப் போராட்டத்தைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமல்ல. ஆனால் அது 'விவசாயிகள் போராட்டம்' என்றே எழுதப்படுகிறது. யார் விவசாயி? நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி, நிலத்தில் உரிமையுள்ளவர் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். பட்டா இருப்பவன் பேசலாம். அவன் நிலத்தில் நாற்று நட்டவள், புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவள் என்ன காகிதத்தைக் காட்டுவாள்? நிலம் போனால் அவனுக்கு இழப்பீடு, அவளுக்கு வேலையும் போச்சு.

இந்தப் பட்டாவின்மை தற்செயலானதல்ல. 1892இல் ஆங்கிலேய அரசு தீண்டத்தகாதோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. காரணைப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டதற்கு, 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். பறிபோன பஞ்சமி நிலத்தின் மேல் நாளை ரோடு வந்தால், இழப்பீட்டுக் காசு யார் பைக்குப் போகும்?

ஆகவே 'ரோடு வேண்டாம்' என்ற முழக்கம் மட்டும் போதாது. கல் நடும் முன்பே அந்தச் சர்வே எண் 1892க்குப் பின் யார் பெயரில் இருந்தது, எப்போது மாறியது என்று கேட்க வேண்டும். சாலை எதிர்ப்புக் குழுக்கள் இதைக் கேட்கத் தயாரா?