கள்ளின் சுவையும் காலத்தின் தீர்ப்பும்

மதுவைச் சுவைத்து மதிப்பிடுவதை ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர் மேனாட்டார். அமெரிக்கரின் பர்பன் விஸ்கி அதற்குத் தக்க சான்று. சோளம் பாதிக்கு மேல் சேர்ந்த தானியக் கலவையை வடித்து, உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் அடைத்து வைப்பர். ஆண்டுகள் செல்லச் செல்ல மரம் தன் நிறத்தையும் வனிலா மணத்தையும் துவர்ப்பையும் அதற்கு ஈகிறது. அளவு மிஞ்சினாலோ மரமே மேலோங்கி, நாவில் கசப்பு நிற்கும். இக்கலை தமிழருக்கும் அயலானதன்று. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலை மலைபடுகடாம் பேசுகிறது.

ஆயினும், வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் அறிந்த மது முதுமை காணாதது. அது தென்னங்கள். கோலசிலாங்கூர்க் கரையோரம் தென்னைக்கு ஏற்ற நிலம். உட்புறமோ ரப்பர்க் காடு. பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கி, 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊருக்கு அருகில்தான் தென்னமரம் தோட்டம் உள்ளது. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கே தொடங்கினார். செம்பனையால் புகழ்பெற்ற அத்தோட்டத்தின் பெயரில் ஒலிப்பதோ தமிழரின் தென்னை!

விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயம் மாட்டுவர் மரமேறிகள். வடியும் சாறு தேனென இனிக்கும். காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் உடனே அதனைப் புளிக்கச் செய்யும். சில மணி நேரத்தில் நுரை எழும்பும்; போதை ஏறும். மறுநாள் புளிப்பு முற்றிக் காடியாகும். பர்பனுக்குக் காலம் நண்பன். கள்ளுக்குக் காலம் பகைவன். இறக்கிய வேளை, நுரையின் தன்மை, இனிப்புக்கும் புளிப்புக்கும் உள்ள அளவு ஆகியவற்றைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும்.

அங்ஙனம் மதிப்பிடும் உரிமை தோட்டத் தொழிலாளிக்கு இருந்ததா? விடியுமுன் எழுந்து, பால்மரம் வெட்டி, வெயிலில் வாடியவனுக்குத் தோட்ட எல்லைக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை திறந்திருந்தது. அரசுக்கு அதனால் வருவாய். நிர்வாகத்துக்கோ தொழிலாளர் வெளியே அலையாமல் லயத்தோடு அடங்கிக் கிடக்கும் வசதி. ஊற்றியதைக் குடிப்பதன்றி, அவனுக்கு வேறு தேர்வில்லை. காலையில் வியர்வையாகச் சிந்தியது மாலையில் கள்ளாகக் கரைந்தது.

அவன் அளித்த தீர்ப்பு வேறொரு வகையில் வெளிப்பட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, துரைமார் முன்னிலையில் மிதிவண்டியில் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. குடித்தவரே கடையை மூடச் சொன்னார்கள் என்பதை வரலாறு மறத்தலாகாது. மே மாதத்தில் நாதன் கைதானார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். போருக்குப் பின், 1947இல், கெடாவில் தொண்டர் படையினர் அதே முழக்கத்தை எழுப்பினர். பெண்களும் அதில் திரளாக நின்றனர். கணவன் குடித்த கள்ளின் கசப்பை உலைப்பானையில் கண்டவர்கள் அல்லரோ அவர்கள்!

கள்ளுக்குப் பின் தோட்டப்புறத்தில் வலுப்பெற்றது சம்சு. மலிவான இவ்வடிமதுவுக்கு மரத்தின் மணமும் இல்லை. பாளையின் இனிமையும் இல்லை. கள்ளச் சரக்கில் மெத்தனால் கலந்துவிட்டால் நாவால் அதனைப் பிரித்தறிய இயலாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த அயல்நாட்டுத் தொழிலாளர். நூறாண்டுக்கு முன் தமிழன் நின்ற இடத்தில் இன்று நிற்பவர்கள் அவர்களே.

ஓய்வும் பொருளும் உடையவனுக்கு மது சுவைப்பொருள். அவை இல்லாதவனுக்கு அது வலிமறப்பு மருந்து. கோப்பையில் உள்ளதை மட்டும் ஆராய்பவர் பாதி உண்மையையே காண்பர். அதை ஊற்றிய கை யாருடையது, அதன் விலையைக் கொடுத்த குடும்பம் எது என்று கேட்பதே முழுமையான மதிப்பீடு. 1941இல் சிலாங்கூர்த் தொழிலாளர் அந்த மதிப்பீட்டைச் செய்து முடித்தனர். அதற்குரிய விலையையும் உயிராகவே கொடுத்தனர்.