'மூங்கில் துணி'யும் ஒரு விஷத்தின் 170 வருடக் கதையும்

1) வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் தைப்பவர்கள் இப்போ நிறைய பேர். குழந்தைக்கு ஜப்லா, தலையணை உறை, தங்களுக்குக் குர்தி என்று தைக்கிறார்கள். துணி வாங்கும்போது "சுற்றுச்சூழலுக்கு நல்லது எது?" என்று யோசிப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். நல்ல விஷயம். அவர்களுக்குக் கடையில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது "மூங்கில் துணி". அந்தத் துணியின் வரலாறுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2) முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மூங்கில் தண்டை நசுக்கி நார் எடுத்து, சணல் மாதிரி நூல் திரிக்க முடியும். ஆனா அது முரடா இருக்கும், விலையும் அதிகம், கடையில் அபூர்வம். கையில் வழுக்கிக்கொண்டு போகும் மென்மையான "மூங்கில் துணி" அநேகமா எல்லாமே விஸ்கோஸ் ரேயான். மூங்கில் அதில் வெறும் மூலப்பொருள். அதற்குப் பதில் யூகலிப்டஸ் போட்டாலும் பைன் மரம் போட்டாலும் கடைசியில் வருவது அதே ரேயான்தான்.

3) எப்படிச் செய்கிறார்கள்? மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கணும். பிறகு கார்பன் டைசல்பைடு என்ற திரவத்தோடு கலக்கணும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொருள் வரும். அதை மறுபடி காஸ்டிக்கில் கரைத்தால் தேன் மாதிரி பிசுபிசுப்பான குழம்பு. அதைச் சல்லடை போன்ற நுண்துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் பளபளப்பான இழை ரெடி. இந்த இடத்தில் கார்பன் டைசல்பைடு மறுபடி ஆவியாகும். கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் வரும்.

4) கதையின் வில்லன் அந்தக் கார்பன் டைசல்பைடுதான். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிவிடும் திரவம். மூச்சு வழியாவும் தோல் வழியாவும் உடலுக்குள் போகும். ரேயான் பிறப்பதற்கு முன்பே மருத்துவர்களுக்கு இதன் குணம் தெரியும் என்பதுதான் இந்த வரலாற்றில் மனசை உறுத்தும் விஷயம்.

5) 1856, பாரிஸ். அப்போ ரப்பரைப் பதப்படுத்த இந்தத் திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பட்டறைத் தொழிலாளர்களிடம் விசித்திரமான ஒரு நோயை ஓகுஸ்த் டெல்பெஷ் என்ற மருத்துவர் கவனித்தார். தலைவலி, தூக்கமின்மை, கெட்ட கனவு, காரணமில்லாத கோபம். பிறகு மறதி, கால் பலவீனம், ஆண்மைக் குறைவு. 1863-ல் பலூனும் ஆணுறையும் செய்யும் தொழிலாளர்களைப் பற்றி இன்னும் விரிவாக எழுதினார்.

6) 1902-ல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் ஆலிவர், ஆபத்தான தொழில்கள் பற்றிய தன் நூலில், ரப்பர் ஆலை ஒன்றில் ஜன்னல்களுக்குக் கம்பி அடித்திருந்ததைப் பதிவு செய்தார். திருடன் வராமல் இருக்க இல்லைங்க. புத்தி பேதலித்த தொழிலாளி மேலிருந்து குதித்துவிடாமல் இருக்க! காற்றைச் சுத்தம் செய்வதைவிடக் கம்பி அடிப்பது மலிவாக இருந்திருக்கிறது.

7) இதற்கிடையில் 1892-ல் கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று ஆங்கிலேய வேதியியலாளர்கள் விஸ்கோஸுக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1904-ல் அதன் பிரிட்டிஷ் உரிமையை வாங்கியது கோர்ட்டால்ட்ஸ் கம்பெனி. விக்டோரியா காலத்தில் துக்க வீடுகளுக்கான கறுப்புக் கிரேப் துணி விற்றுப் பெரிய ஆளான கம்பெனி அது. 1905-ல் கவென்ட்ரியில் ஆலை ஓடத் தொடங்கியது.

8) பட்டு மாதிரி பளபளப்பு, விலையோ ஏழைக்கும் எட்டும் விலை. பணக்காரப் பெண்கள் மட்டும் போட்ட மாதிரி உடையை ஆலைத் தொழிலாளிப் பெண்ணும் போட முடிந்தது. அது உண்மையிலேயே பெரிய சமூக மாற்றம், மறுக்க முடியாது. நம்ம ஊரில் "ஆர்ட் சில்க்" என்கிறோமே, அது "ஆர்ட்டிஃபிஷியல் சில்க்" என்பதன் சுருக்கம். கலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1924-ல் அமெரிக்காவில் "ரேயான்" என்ற பெயர் வைத்தார்கள்.

9) விலை கொடுத்தது ஆலைக்குள் நின்றவர்கள். அமெரிக்காவில் தொழில்சார் நோய் மருத்துவத்தின் முன்னோடி ஆலிஸ் ஹாமில்டன். 1919-ல் ஹார்வர்டின் முதல் பெண் ஆசிரியர் ஆனவர். 1930-களின் கடைசியில் அவருடைய முயற்சியில் பென்சில்வேனியா ரேயான் ஆலைத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நரம்புத் தளர்ச்சி, மனநிலைப் பாதிப்பு, பார்க்கின்சன் போன்ற நடுக்கம் என்று பாரிஸ் நோய் அப்படியே அங்கேயும் இருந்தது.

10) உடம்புக்குள் என்ன நடக்குது? கார்பன் டைசல்பைடு நரம்பிழைக்குள் இருக்கும் புரதங்களை ஒன்றோடு ஒன்று பிணைத்துவிடும். நீளமான நரம்புகள் முதலில் அடிபடும். அதனால் பாதத்தில் மதமதப்பு தொடங்கி மேலே ஏறும், சர்க்கரை நோயாளிகளுக்கு வருவது மாதிரியே. அமிலத் தொட்டிப் பக்கம் நிற்பவர்களுக்கு ஹைட்ரஜன் சல்பைடால் கண் எரிந்து வெளிச்சத்தையே பார்க்க முடியாது.

11) ஒரு சின்ன மருத்துவக் குறிப்பு. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை உடலில் உடையும்போது சிறிதளவு இதே கார்பன் டைசல்பைடு உண்டாகும். அதை நீண்ட நாள் சாப்பிடுபவரிடம் "கால் மதமதப்பு இருக்கா?" என்று நாங்கள் கேட்பது இதனாலும்தான். (இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. உங்க டாக்டரிடம் பேசுங்க.)

12) இரண்டாம் உலகப்போரில் பருத்தி கிடைக்காத ஜெர்மனி செயற்கை இழையை நம்பியது. ஆலைகளில் கைதிகளை வேலை வாங்கினார்கள். பிரெஞ்சுக் கலை வரலாற்றாளர் அன்யெஸ் ஹும்பேர் நாஜி எதிர்ப்பில் ஈடுபட்டதற்காகக் கைதாகி, கிரெஃபெல்ட் நகர ரேயான் ஆலைக்கு அனுப்பப்பட்டார். அமிலம் பட்ட கைகள், தற்காலிகமாகப் பார்வை இழந்த சக கைதிகள் என்று அவர் எழுதிவைத்தது ஒரு வகையில் மருத்துவ ஆவணம்.

13) அடுத்த அதிர்ச்சி 1968-ல். பிரிட்டனின் டில்லர், ஷில்லிங், மோரிஸ் மூவரும் ரேயான் தொழிலாளர்களின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். விஷத்துக்கு நடுவே வேலை பார்த்தவர்கள் மாரடைப்பால் இறப்பது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! அதுவரை நரம்பு விஷம் என்று மட்டும் நினைத்திருந்தது இதயத்தையும் தாக்குகிறது என்று தெரிந்தது.

14) ஃபின்லாந்தில் ஹெர்ன்பெர்க் குழு 343 ரேயான் தொழிலாளர்களையும், ஒப்பீட்டுக்கு அதே எண்ணிக்கையில் காகித ஆலைத் தொழிலாளர்களையும் வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. இதய மரணம் ரேயான் பக்கம் பல மடங்கு. உடனே ஆலைக்காற்றில் விஷ அளவைக் குறைத்தார்கள், பாதிப்பு உள்ளவர்களை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கூடுதல் இதய மரணங்கள் மறைந்தன.

15) இதை இரண்டு தடவை படிங்க. இது தீர்க்க முடியாத பிரச்சினை இல்லை. காற்றைச் சுத்தமாக்கினால் உயிர் பிழைக்கும். 1856-லிருந்து தெரிந்த விஷயத்துக்குச் செலவு செய்ய மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

16) மனசு வராததற்குச் சாட்சி தென் கொரியாவின் வொன்ஜின் ரேயான். ஜப்பானில் ஓடித் தேய்ந்த பழைய மெஷின்களை 1960-களில் வாங்கி ஓட்டினார்கள். 1988-ல் விஷயம் பத்திரிகையில் வெடித்தது. 1993-ல் ஆலையை மூடினார்கள். நோயாளிகளாக அங்கீகரிக்கப்பட்டவர்கள் 900 பேருக்கு மேல். போராடிப் பெற்ற நிதியில் தொழிலாளர்களுக்காக மருத்துவமனையே உருவானது. அந்த மெஷின்கள்? சீனாவுக்கு விற்கப்பட்டன.

17) நம்ம பக்கம் வருவோம். இந்தியாவின் முதல் ரேயான் ஆலை கேரளாவின் பெரும்பாவூரில் 1950-ல் உற்பத்தியைத் தொடங்கிய டிராவன்கூர் ரேயான்ஸ். நிறுவியவர் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியையும் தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். பிறகு கோவை மாவட்டம் சிறுமுகையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் வந்தது. நீலகிரியில் நடப்பட்ட யூகலிப்டஸும் வாட்டில் மரமும் அங்கே கூழாயின.

18) ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த ஆலை சோறு போட்டது. அதே ஆலையின் கழிவு பவானி ஆற்றில் இறங்கியது. விவசாயிகளும் மீனவர்களும் வருடக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் ஆலை மூடப்பட்டது, வேலையும் போனது. சுத்திகரிப்பை ஆரம்பத்திலேயே ஒழுங்கா செய்திருந்தால் ஆறா வேலையா என்ற கேள்வியே வந்திருக்காது.

19) இப்போ "மூங்கில்" லேபிளுக்கு வருவோம். மூங்கில் பூச்சிமருந்து இல்லாமல் வேகமா வளரும் என்பது சரி. ஆனா செடி பசுமையா இருப்பதும் துணி பசுமையா இருப்பதும் ஒன்றில்லை. ரேயானை "மூங்கில்" என்று விற்பதை எதிர்த்து அமெரிக்காவின் எஃப்.டி.சி 2009 முதல் நடவடிக்கை எடுக்குது. 2022-ல் வால்மார்ட், கோல்ஸ் இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்டின. மூங்கிலின் "கிருமி எதிர்ப்பு" குணம் ரேயானாக மாறிய பிறகு மிஞ்சுவதில்லை என்பதையும் அந்த அமைப்பு சொல்லியிருக்கு.

20) பயப்பட வேண்டாம். வீட்டில் இருக்கும் ரேயான் குர்தியைப் போடுவதால் உங்களுக்கு நரம்பு நோய் வராது. பாதிப்பு ஆலைக்குள் இருப்பவருக்கும் ஆற்றங்கரையில் இருப்பவருக்கும்தான். இன்றைய ஆலைகள் எல்லாமே 1930 மாதிரியும் இல்லை. ஆவியைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தும் நல்ல ஆலைகள் உண்டு. எந்த ஆலைத் துணி என்பது பிட் துணி வாங்கும் நமக்குத் தெரியாது, அதுதான் சிக்கல்.

21) அப்போ என்ன வாங்கலாம்?
"மூங்கில்" என்றால் விஸ்கோஸா, லையோசெல்லா என்று கேளுங்க. லையோசெல்லும் மரக்கூழ்தான். ஆனா கார்பன் டைசல்பைடு இல்லை. அதில் பயன்படும் கரைப்பானில் 99 சதவீதத்துக்கும் மேல் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். 1990-களில் இதை "டென்செல்" என்று சந்தைக்குக் கொண்டுவந்தது, அதே கோர்ட்டால்ட்ஸ்!

22) "ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100" முத்திரை இருந்தால், கையில் இருக்கும் துணியில் தீங்கான வேதிப்பொருள் இருக்கா என்று பரிசோதித்ததாக அர்த்தம். ஆலைக்காற்றைப் பற்றி அது பேசாது. இயற்கை வேளாண் பருத்திக்கு "ஜி.ஓ.டி.எஸ்" முத்திரை பார்க்கலாம். அதில் சாயக்கழிவு, தொழிலாளர் நிலைமை இரண்டுக்கும் விதிகள் உண்டு.

23) வீட்டில் ஒரு சோதனை. ஒரு நூலை உருவி எரித்தால் பாலியெஸ்டர் உருகி மணியாகும். பருத்தி, ரேயான் இரண்டுமே காகிதம் எரிந்த வாசம்தான், வித்தியாசம் தெரியாது. அதனால் நூலை நனைத்து இழுத்துப் பாருங்க. நனைந்த ரேயான் பாதி பலத்தை இழந்து சட்டென்று அறுந்துவிடும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும். அடிக்கடி துவைக்கும் குழந்தைத் துணிக்கு எது உழைக்கும் என்று இதிலேயே தெரிஞ்சிடும்.

24) பருத்தியும் புனிதமில்லை. அதற்கும் தண்ணீர், பூச்சிமருந்து, சாயக்கழிவு என்று தனிக் கணக்கு உண்டு. புதுசா எதுவும் உற்பத்தி செய்யாமல் கிடைக்கும் துணிதான் பூமிக்குக் குறைந்த சுமை. பல தடவை துவைத்து மெத்தென்று ஆன நூல் புடவை, பழைய வேட்டி. குழந்தை ஜப்லாவுக்கு இதைவிட நல்ல துணியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புதுசாத்தான் வேணும் என்றால் சாயம் போடாத காடா, மல் காட்டன், கைத்தறி.

25) பவானிக் கரையில் அந்த ஆலை இருந்த சிறுமுகையில் இன்றைக்கும் கைத்தறிகள் ஓடுது. அங்கே நெய்யும் மென்பட்டுப் புடவைக்கு நல்ல பேர். அடுத்த தடவை துணி எடுக்கும்போது "இது எதிலிருந்து வந்தது?" என்பதோடு "இதை எப்படிச் செய்தாங்க?" என்றும் கேளுங்க. கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகலாம். பத்துப் பேர் கேட்டால் மொத்த வியாபாரியிடம் அவரும் கேட்பார்.

தையல் மெஷின் வைத்திருக்கும் உறவுகளுக்கு இதைப் பகிருங்க.