கரடி, பன்றி நடமாடும் தோட்டத்துக்குக் கைத்துப்பாக்கி வாங்கலாமா? விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மார்த்தாண்டம், குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை வட்டாரத்தில் மலையடிவாரத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் காட்டு விலங்குத் தொல்லை புதிதல்ல. மரச்சீனி, சேனை, வாழை, அன்னாசி எதை நட்டாலும் காட்டுப்பன்றி விடுவதில்லை. கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்தில் கரடியும் உண்டு. இருட்டோடு பால் வெட்டப் போகிறவர்களுக்கும், ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டி வைப்பவர்களுக்கும் அந்த பயம் எப்போதும் இருக்கிறது. "இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் தைரியமாகப் போகலாமே" என்று நினைப்பவர்கள் பணத்தைச் செலவழிக்கும் முன் இதைப் படியுங்கள்.

வேட்டைக்குத் துப்பாக்கி: இந்தியாவில் இடமில்லை

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ன் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. கரடி முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறையும், 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. பயிரைத் தின்றது என்பதற்காக அதையும் நாமாகச் சுட முடியாது.

எந்தத் துப்பாக்கிக்கு உரிமம் கிடைக்கும்?

ஆயுதச் சட்டம் 1959ன் 13ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது.

- பயிர்ப் பாதுகாப்புக்கு: குழல் வாய் வழியாக மருந்து அடைக்கும் துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், தோட்டா போடும் வழுவழுப்பான குழல் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம்.
- தற்காப்புக்கு: 20 அங்குலத்துக்குக் குறையாத நீளமுள்ள, வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கி. நம் ஊரில் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் என்று சொல்வது இதைத்தான்.
- ரிவால்வர், பிஸ்டல்: இவை பயிர்ப் பாதுகாப்புக் கணக்கில் வராது. தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரி திருப்தியடைந்தால்தான் உரிமம் கிடைக்கும்.

கைத்துப்பாக்கி கரடியை நிறுத்துமா?

பொதுமக்களுக்கு விற்கப்படும் ரிவால்வர்களில் பரவலானது .32 அளவு. கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014ல் வெளியிட்ட 'நிர்பீக்' இந்த வகைதான். இந்தத் தோட்டாவின் விசை சுமார் 200 ஜூலுக்கும் குறைவு. 12 போர் துப்பாக்கித் தோட்டாவின் விசை 2,000 ஜூலைத் தாண்டும். ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரை எடை இருக்கும். அடர்ந்த முடியும் கனத்த எலும்பும் கொண்ட உடம்பு. இருட்டில், பதற்றத்தில், பத்தடி தூரத்தில் பாய்ந்து வரும் விலங்கை .32 குண்டு நிறுத்தும் என்று நம்ப வழியில்லை. காயம்பட்ட கரடி இன்னும் மூர்க்கமாகும்.

கரடிகள் மிகுந்த அமெரிக்காவின் அலாஸ்காவில், 1883 முதல் 2009 வரை துப்பாக்கி கையில் இருந்தபோது நடந்த 269 கரடிச் சம்பவங்களை ஆய்வாளர்கள் தொகுத்து 2012ல் வெளியிட்டார்கள். துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் ஏற்பட்ட காயங்களில் பெரிய வேறுபாடு இல்லை என்பதே முடிவு. அங்குள்ளவர்கள் வைத்திருப்பது நம்முடையதைவிடப் பல மடங்கு பலமான துப்பாக்கி என்பதை நினைவில் வையுங்கள்.

உரிமம் வேறு, சுடும் அனுமதி வேறு

பலரும் குழம்புவது இங்கேதான். துப்பாக்கி உரிமம் என்பது ஆயுதத்தை வைத்துக்கொள்ள மட்டுமே. விலங்கைச் சுட வனத்துறையின் எழுத்துப்பூர்வ உத்தரவு தனியாக வேண்டும்.

களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில், 2022 மே மாதம் முதல் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்குத் தரப்பட்டது. துப்பாக்கி உரிமம் உள்ளவர்களை வைத்து அங்கே சுடுகிறார்கள். அதைப் பார்த்து இங்கே யாரும் இறங்கிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணையின்படி நடைமுறை இதுதான்:

- காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை: பன்றியைப் பிடிக்கவோ சுடவோ அனுமதி இல்லை.
- 1 முதல் 3 கி.மீ. வரை: வனத்துறையினர் பிடித்துக் காட்டில் விடுவார்கள்.
- 3 கி.மீ.க்கு அப்பால்: பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம்.

இதற்காகக் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறை ஊழியர் அடங்கிய குழு உண்டு. உங்கள் தோட்டம் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

உயிருக்கே ஆபத்து வந்தால்?

தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்வதும் காயப்படுத்துவதும் குற்றமல்ல என்கிறது அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் வேட்டை போன்ற சட்டவிரோதச் செயலில் இருந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. செத்த விலங்கு அரசின் சொத்து. நகம், பல், இறைச்சி, கொழுப்பு எதையும் தொடாதீர்கள். உடலை இடம் மாற்றாமல் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

உரிமம் கேட்பவர்களுக்கு

தனித்த இடத்தில் குடியிருப்பவர்களுக்குத் தற்காப்புத் துப்பாக்கி உண்மையிலேயே தேவைப்படலாம். 21 வயது நிறைந்தவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். காவல் நிலைய விசாரணை அறிக்கை, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவை தேவைப்படும். 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். குலை தள்ளிய வாழைக்கு அதுதான் ஆபத்தான காலமாக இருந்தாலும் துப்பாக்கி உங்கள் கையில் இருக்காது.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. பழைய குழாயில் செய்த துப்பாக்கி வெடித்துச் சுடுபவரின் கையும் கண்ணும் போவதும் உண்டு.

துப்பாக்கியைவிடப் பயன் தரும் பாதுகாப்பு

கரடிக்கு மோப்பம் அதிகம், பார்வை குறைவு. மனிதர் திடீரென்று எதிரே வந்து நின்றால்தான் பெரும்பாலும் தாக்கும். குட்டியோடு இருக்கும் தாய்க்கரடி இன்னும் ஆபத்தானது. எனவே:

1. விடியும் முன் தனியாகப் போகாதீர்கள். இருவராக, பேசிக்கொண்டே, நல்ல தலைவிளக்கோடு போங்கள். சலங்கை கட்டிய தடி நல்லது. காதில் இயர்போன் வேண்டாம்.
2. பழுத்த சக்கை, மாம்பழம், கொல்லாம்பழம் தோட்டத்தில் விழுந்து கிடக்க விடாதீர்கள். வாசனை கரடியை இழுக்கும்.
3. தேன்பெட்டிகளைக் காட்டோரத்தில் சிதறலாக வைக்காமல், வீட்டுக்கு அருகே ஒரே இடத்தில் வையுங்கள். தேன் எடுத்தபின் அடைத் துண்டுகளை அங்கே போடாதீர்கள்.
4. பாதையோரப் புதரை வெட்டி, பார்வை மறையாமல் வையுங்கள்.
5. கரடியைப் பார்த்தால் ஓடாதீர்கள். மரத்தில் ஏறுவதும் பயனில்லை, அது நன்றாக ஏறும். முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளால் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். கரடியால் அதிகம் காயமாவது முகமும் தலையும்தான்.

பன்றிக்குச் சூரிய மின்வேலி நல்ல பலன் தரும். 2023ல் வந்த விதிகளின்படி அதற்கு முறையான அனுமதி வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். பன்றிக்கு வைத்தது பக்கத்துத் தோட்டக்காரரைக் கொல்லும். வெடிகாயும் சுருக்கும் அப்படித்தான்.

கடி, கீறல் பட்டால்

சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் பூசாதீர்கள். ரத்தம் நிற்காமல் ஓடினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 108ஐ அழையுங்கள். குழித்துறை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே செல்லுங்கள். காயம் சிறியதானாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இழப்பீட்டுக்கு

பயிர் அழிந்தால் அன்றே படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றதற்கான ரசீதை வாங்கி வையுங்கள். மனு இருந்தால்தான் இழப்பீடு கேட்க முடியும். பன்றி நடமாட்டம் பற்றி மனுக்கள் சேர்ந்தால்தான் குழுவும் நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க முடியும். எனவே சேதம் சிறியது என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு முறையும் பதிவு செய்யுங்கள்.