லைசன்ஸ் எத்தனை, ஆள் எத்தனை?

லண்டனில் தனியார் வாடகைக் கார் ஓட லைசன்ஸ் வைத்திருந்த சாரதிகள் 2013 இல் ஏறத்தாழ 67,000 பேர். 2017 இல் அது 117,000ஐத் தாண்டிவிட்டது. என்ன காரணம் என்று கேட்டால் எல்லாரும் 'ஊபர்' என்பார்கள். 2012 இல் ஊபர் அங்கே கால்வைத்தது உண்மைதான். ஆனால் இந்த எண்களைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பார்த்தால், அவை எதை எண்ணுகின்றன என்பதே சிக்கலாகிவிடுகிறது.

1654 இல், குரொம்வெல் ஆட்சியில், லண்டனின் வாடகைக் குதிரைவண்டிகள் 300க்கு மேல் போகக்கூடாது என்று கட்டளை வந்தது. 1662 இல் அது 400 ஆனது. அப்போது லண்டனில் 400 வண்டிதான் ஓடியது என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். அது அரசு போட்ட உச்சவரம்பு. லைசன்ஸ் இல்லாமல் ஓடியவர்களோடு லைசன்ஸ்காரர் மல்லுக்கட்டியது தனிக்கதை. 1830களின் தொடக்கத்தில் வரம்பு எடுபட்டது. அதற்குப் பிறகுதான் இந்த எண், எத்தனை பேர் தொழிலுக்கு வந்தார்கள் என்று ஓரளவாவது சொல்லத் தொடங்குகிறது.

இனி மினிகப். 1961 இல் வெல்பெக் மோட்டர்ஸ் என்ற கம்பனி சின்ன ரெனோல்ட் கார்களை லண்டன் வீதியில் இறக்கியது. கறுப்பு டக்சிக்காரர் கொதித்துப்போனார்கள். 'நொலேஜ்' எனும் பரீட்சைக்காக வருடக்கணக்கில் தெருத்தெருவாய் மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள், கோபம் வராதா? ஆனால் சட்டம் பார்த்தது வீதியில் கைகாட்டி ஏறும் வண்டியைத்தான். முன்கூட்டியே போன் பண்ணிக் கூப்பிடும் கார் அதற்குள் வரவில்லை. லண்டனுக்கு வெளியே 1976 இல் சட்டம் வந்தது. லண்டனுக்கு 1998 வரை வரவில்லை. சாரதி லைசன்ஸ் கொடுக்கத் தொடங்கியது 2003 இல்.

அதாவது நாற்பது வருடம் மினிகப் ஓடியவர்கள் அட்டவணையில் இல்லை. 1983க்குப் பிறகு போய்ச் சேர்ந்து இரவிரவாக மினிகப் ஓடிய எங்கட ஆக்களும் அதில் அடக்கம். ஆகவே அட்டவணையின் முதல் வருடங்களில் தெரியும் ஏற்றத்தை 'புதுச் சாரதிகளின் வெள்ளம்' என்று வாசிக்கமுடியாது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தவர்கள் பேர் பதிந்தார்கள், அவ்வளவுதான். வந்தேறிகள் தொழிலைப் பறிக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இந்த மாதிரி ஒரு வரைபடம் எவ்வளவு வசதி என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

2013க்குப் பிறகு வந்த ஏற்றம் அப்படியல்ல, அது மெய்யான ஏற்றம். ஆனால் அங்கேயும் எண்ணப்படுவது லைசன்ஸ். ஒருவர் இரண்டு உள்ளூராட்சிச் சபைகளில் லைசன்ஸ் எடுத்திருந்தால் நாட்டுக் கணக்கில் இரண்டு. லைசன்ஸ் பொதுவாக மூன்று வருடத்துக்குச் செல்லும். இடையில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கடையில் வேலைக்குப் போனவரும் முடிவுத் திகதிவரை கணக்கில் இருப்பார். முழுநேரமா, சனி இரவு மட்டுமா என்பதும் தெரியாது. கொரோனாவில் வீதி வெறிச்சோடியபோது உழைப்பு ஒரே நாளில் விழுந்தது, லைசன்ஸ் எண்ணிக்கை அந்த வேகத்தில் விழவில்லை.

இடமும் அப்படித்தான். வுல்வர்ஹாம்டன் நகரசபை கொடுத்த தனியார் வாடகை லைசன்ஸ்களில் மிகப் பெரும்பாலானவை வேறு ஊர்களில் வசிப்பவர்களிடம் இருக்கின்றன. அங்கே எடுத்தால் வேகம், மலிவு. ஓடுவது மான்செஸ்டரிலோ பேர்மிங்காமிலோ. இவ்வளவு சின்ன நகரத்துக்கு ஏன் இவ்வளவு கார் என்று அட்டவணையைப் பார்த்துத் தலையைச் சொறிபவர், வண்டிகள் நிற்கும் இடத்தைத்தான் முதலில் விசாரிக்கவேண்டும்.